கையெழுத்துப் போடுவது யார்? அகதிப் பிள்ளைகளின் பாடசாலைகளை ஒருங்கிணைத்த கதை

எங்கட வீடுகளில ஒரு பை இருக்கும். சில வீட்டில அது பழைய பயணப் பை, சில வீட்டில பொலித்தீனால சுத்திக் கட்டின ஒரு கோவை. பிறப்பத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, அடையாள அட்டையின்ர பிரதி, அதோட ஓஎல், ஏஎல் சேர்டிபிக்கற். செல்லடி தொடங்கினால் அம்மா முதலில தூக்கினது அந்தப் பையைத்தான் எண்டு கேட்டு வளர்ந்த ஆக்கள் நாங்கள். எங்களில் பலருக்குப் போர் நேரடி நினைவாக இல்லை. ஆனால் அந்தப் பை இருக்கிற இடம் தெரியும்.

காணி உறுதியைத் தூக்கியதற்குக் காரணம் விளங்குகிறது. பரீட்சைப் பெறுபேற்றை ஏன் தூக்கினார்கள்? ஐந்தாறு பாடங்களின் பெயரும் பக்கத்தில் ஓர் எழுத்தும் உள்ள ஒரு கடதாசிதானே? அந்தக் கடதாசியில் பரீட்சை ஆணையாளர் நாயகத்தின் கையெழுத்து இருந்தது. வீடு போனாலும், பாடசாலைக் கட்டடமே போனாலும், கொழும்பிலோ கனடாவிலோ ஒரு மேசையில் வைத்தால் அதை நம்புவார்கள். படித்ததை நிரூபிக்க அந்தக் கையெழுத்து தேவைப்பட்டது.

இந்தக் கட்டுரை அந்தக் கையெழுத்தைப் பற்றியது. நாட்டின் எல்லையைத் தாண்டிப் போன பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்துவது யார், எந்தப் பாடத்திட்டத்தில், எந்த மொழியில், கடைசியில் யாருடைய கையெழுத்தோடு? கடந்த எழுபது, எண்பது வருடங்களாக மனிதாபிமான உதவித் துறை இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒருங்கிணைப்பு'. சுனாமிக்குப் பிறகு என்.ஜி.ஓ.வில் வேலை செய்த எங்கட அண்ணாமார், அக்காமாருக்கு அந்தச் சொல் எண்டால் மீற்றிங், எக்செல் தாள், கதவில் ஒட்டின லோகோ. எங்களுக்கும் அது வரண்ட சொல்லாகத்தான் இருந்தது. வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கிய பிறகு அப்படி இல்லை.

கூடாரத்தில் தொடங்கியது

1948 போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். முதல் நிவாரணம் கொடுத்தவை செஞ்சிலுவை அமைப்புகளும், காஸாவில் அமெரிக்க குவேக்கர்களும். சாப்பாடும் கூடாரமும் அவர்கள் கொண்டு வந்தவை. பாடசாலையைத் தொடங்கியதில் அகதிகளுக்குள்ளேயே இருந்த ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கூடாரத்துக்குள்ளும் வெட்டவெளியிலும் பிள்ளைகளை இருத்தி எழுத்துப் படிப்பித்தார்கள். வெளியாரின் உதவி பிறகுதான் அதைச் சுற்றி வந்து சேர்ந்தது. இந்த ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் இதற்குப் பிறகு வந்த அநேகமான அகதி முகாம்களிலும் இதே ஒழுங்கைத்தான் பார்க்கிறோம்.

1949 டிசம்பர் 8இல் ஐ.நா. பொதுச்சபை 302ஆம் இலக்கத் தீர்மானத்தால் பலஸ்தீன அகதிகளுக்கென்று தனி முகவரகம் ஒன்றை உருவாக்கியது. அன்ர்வா எனப்படும் அது 1950 மே 1இல் வேலையைத் தொடங்கியது. கல்வியின் தொழில்நுட்பப் பக்கத்தை யுனெஸ்கோ பார்த்தது, நிர்வாகத்தையும் காசையும் அன்ர்வா பார்த்தது. இரண்டு சர்வதேச அமைப்புகள் அகதிப் பிள்ளைகளின் படிப்பை இப்படிப் பங்குபோட்டுக் கொண்ட பெரிய முன்மாதிரி இதுதான்.

அப்போதே கேள்வி வந்துவிட்டது: எந்தப் பாடத்திட்டம்? பலஸ்தீனம் என்று ஓர் அரசு இல்லை. ஆகவே பிள்ளை எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டின் புத்தகம். ஜோர்தானிலும் மேற்குக் கரையிலும் ஜோர்தான் பாடநூல், காஸாவில் எகிப்தின் பாடநூல், சிரியாவிலும் லெபனானிலும் அந்தந்த நாட்டுப் பாடநூல். அதன்மூலம் பிள்ளைக்கு அந்த நாட்டின் பரீட்சையும் உயர்கல்வியும் எட்டும் தூரத்துக்கு வந்தன. ஆனால் ஒரே ஊரிலிருந்து ஓடிய இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் இரண்டு நாட்டின் வரலாற்றைப் படித்தார்கள். தங்கட ஊரின் வரலாறு இரண்டு புத்தகத்திலும் இல்லை, அல்லது வேறொருவரின் கண்ணால் இருந்தது.

இந்த ஏற்பாடு சாதித்ததையும் சொல்ல வேண்டும். 1960களிலேயே அன்ர்வா பாடசாலைகளில் அரைவாசி அளவுக்குப் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்களில் பலர் பயிற்சி பெறாதவர்கள் என்பதால் 1964இல் யுனெஸ்கோவோடு சேர்ந்து ஒரு கல்வி நிறுவகத்தைத் தொடங்கி, படிப்பித்துக்கொண்டிருக்கும்போதே பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பறை போதாத இடங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலை, பின்னேரம் இன்னொரு பாடசாலை. 1995இல் வலிகாமத்தை விட்டு வந்து தென்மராட்சியிலும் வன்னியிலும் பின்னேரப் பாடசாலைக்குப் போன எங்கட அண்ணாமாருக்கு இது புதுக்கதை இல்லை.

வினாத்தாள் எல்லை கடந்த வருடம்

1967 போரில் மேற்குக் கரையையும் காஸாவையும் இஸ்ரேல் கைப்பற்றியது. பாடசாலைகளில் இருந்தவை ஜோர்தானின், எகிப்தின் புத்தகங்கள். அவற்றில் தனக்கெதிரான பகுதிகள் இருப்பதாக இஸ்ரேல் பல புத்தகங்களைத் தடுத்தது. யுனெஸ்கோ வெளி நிபுணர்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து நூற்றுக்கும் மேற்பட்ட பாடநூல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தது. சிலதை வைத்திருக்கலாம், சிலதைத் திருத்த வேண்டும், சிலதை எடுத்துவிட வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. ஒரு பாடநூலின் பக்கத்துக்காக அரசுகளும் ஐ.நா.வும் வருடக்கணக்காகக் கடிதம் எழுதின.

அதைவிட எங்களைப் பிடித்து நிறுத்தியது பரீட்சையின் கதை. காஸா மாணவர்கள் படித்தது எகிப்தின் பாடத்திட்டம். பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமென்றால் எகிப்தின் உயர்நிலைப் பரீட்சை எழுத வேண்டும். ஆனால் எகிப்தும் இஸ்ரேலும் போர் நிலையில் இருந்தன. 1969இல் யுனெஸ்கோ நடுவில் நின்று, எகிப்தின் வினாத்தாளைக் காஸாவுக்குள் கொண்டுவந்து, தன்னுடைய மேற்பார்வையில் பரீட்சையை நடத்தியது. விடைத்தாள்கள் திருத்துவதற்கு எகிப்துக்குத் திரும்பிப் போயின. சித்தியடைந்தவர்களுக்கு எகிப்தின் பல்கலைக்கழகக் கதவு திறந்தது.

சுயெஸ் கால்வாயின் இரண்டு கரையிலும் பீரங்கி அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஒரு கட்டு வினாத்தாள் போவதற்கு மட்டும் எல்லாரும் வழிவிட்டார்கள்.

இதை வாசித்தபோது எங்களுக்கு வன்னிதான் ஞாபகம் வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்தது. ஓஎல், ஏஎல் வினாத்தாள் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வந்தது. துப்பாக்கியோடு நின்ற இரண்டு பக்கமும், வேறு எதில் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், பிள்ளையின் பெறுபேற்றுத் தாளில் யாருடைய கையெழுத்து இருக்க வேண்டும் என்பதில் ஒத்துக்கொண்டன. வேறு கையெழுத்து ஒன்றுக்கும் செல்லாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒருங்கிணைப்பு இல்லாத இடத்தில்

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு முப்பது இலட்சம் அளவில் ஆப்கானியர்கள் பாகிஸ்தானுக்கு வந்தார்கள். அங்கே ஐ.நா.வின் பாடசாலைகளும் இருந்தன, முஜாஹிதீன் கட்சிகளின் பாடசாலைகளும் இருந்தன, மத்ரசாக்களும் இருந்தன. 1984 தொடக்கம் 1994 வரை அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்து, ஆப்கான் பிள்ளைகளுக்குப் பாடநூல் தயாரிப்பித்தது. அந்தக் கணக்குப் புத்தகங்களில் பிள்ளைகள் கூட்டிக் கழித்தது துவக்கையும் ரவையையும் கொல்லப்பட்ட சோவியத் படைவீரனையும். எழுத்து அறிமுகப் புத்தகத்தில் ஜிஹாத் ஓர் எழுத்துக்கான உதாரணச் சொல். இந்தப் புத்தகங்கள் போர் முடிந்த பிறகும் வருடக்கணக்காகப் புழங்கின. 2002இல் ஆப்கான் பாடசாலைகளுக்குத் திரும்ப அச்சிடும்போது அந்தப் படங்களை எடுத்துவிட வேண்டியிருந்தது.

இது கெட்ட மனிதர்கள் சிலர் செய்த வேலை என்று தள்ளிவிடலாம். ஆனால் நடந்தது இதுதான்: காசு கொடுத்தவரே புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார். எல்லாரும் இருந்து 'இதைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா' என்று கேட்கக்கூடிய ஒரு மேசை இருக்கவில்லை. நாங்கள் சிரிக்கிற அந்த மீற்றிங் மேசை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

பெட்டிக்குள் ஒரு பாடசாலை

1994 ஏப்ரல் கடைசியில் ருவாண்டாவிலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஒன்றிரண்டு நாளுக்குள் தன்சானியாவின் ங்கரா பகுதிக்குள் வந்து சேர்ந்தார்கள். அங்கே யுனெஸ்கோ ஒரு புது வழியைப் பாவித்தது. அதற்கு முதல் வருடம் சோமாலியாவில் உருவாக்கிய ஆசிரியர் அவசரப் பொதி அது: வெண்கட்டி, சிலேற்று, பென்சில், துணியில் அச்சிட்ட அட்டவணைகள், ஆசிரியருக்கான கைநூல். கட்டடம் தேவையில்லை. ஒரு மரமும் ஓர் ஆசிரியரும் போதும். யுனிசெப்பும் இதே எண்ணத்தில் 'பெட்டிக்குள் பாடசாலை' என்று ஒரு பொதியை உலகம் முழுக்க அனுப்பத் தொடங்கியது. சுனாமிக் காலத்தில் எங்கட கிழக்குக் கரையில் நீலப் பெட்டிகளையும் பைகளையும் கண்டவர்கள் அந்தப் பரம்பரையைத்தான் கண்டார்கள்.

பெட்டி விரைவாக வந்தது. ஆனால் பெட்டிக்குள் பாடத்திட்டமும் இல்லை, சேர்டிபிக்கற்றும் இல்லை. அதோடு ஒரே முகாமுக்கு நான்கு நிறுவனங்கள் நான்கு விதமான பெட்டி கொண்டுவந்தால் என்ன செய்வது? ஒரு நிறுவனம் ஆசிரியருக்குக் காசு கொடுக்கும், பக்கத்து நிறுவனம் கொடுக்காது. கொடுக்காத இடத்து ஆசிரியர் மறுநாள் வரமாட்டார். 1990களின் கடைசியில் நிவாரண அமைப்புகள் சேர்ந்து ஸ்பியர் என்ற பெயரில் குறைந்தபட்சத் தரங்களை எழுதின. ஒருவருக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்றெல்லாம் அதில் இருந்தது. கல்விக்கு அதில் இடம் இல்லை. தண்ணீர், சோறு, தறப்பாள், மருந்து இவைதான் உயிர் காப்பவை. படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்பது அந்தக் காலத்தின் பொது அபிப்பிராயம்.

முகாமில் இருந்த தாய்மார் அப்படி நினைக்கவில்லை. அகதிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்ட இடமெல்லாம் சாப்பாட்டுக்கு அடுத்ததாகப் பாடசாலை வந்தது என்று அந்தத் துறையில் வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். 2000 ஏப்ரலில் செனகலின் டாக்கார் நகரில் உலகக் கல்வி மன்றம் கூடியபோது, போரிலும் பேரிடரிலும் அகப்பட்ட பிள்ளைகளை விட்டுவிட்டு 'எல்லோருக்கும் கல்வி' பேச முடியாது என்ற குரல் பலமாக வந்தது. அதே வருடக் கடைசியில் ஜெனீவாவில் கூடி, அவசரகாலக் கல்விக்கான முகவரகங்களுக்கு இடையிலான வலையமைப்பை உருவாக்கினார்கள். சுருக்கமாக ஐ.என்.இ.இ.

இந்த வலையமைப்பு ஐம்பது நாடுகளுக்கு மேல் இரண்டாயிரத்துக்கும் அதிகமான ஆட்களோடு கதைத்து, கல்விக்கான குறைந்தபட்சத் தரங்களை எழுதி, 2004 டிசம்பர் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவின் கேப்ரவுனில் வெளியிட்டது. மூன்று கிழமை கழித்து சுனாமி வந்தது. 2010இல் திருத்தியபோது ஒருங்கிணைப்பை எல்லாத் தரங்களுக்கும் அடித்தளமான ஒன்றாக வைத்தார்கள்.

2005இல் ஐ.நா. தன்னுடைய உதவி வேலையைத் துறை துறையாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை நிறுவனத்தைப் போட்டது. கிளஸ்டர் என்று நாங்கள் கேள்விப்படுவது இதுதான். அந்த முதல் பட்டியலிலும் கல்வி இல்லை. 2006இல் சேர்த்தார்கள். யுனிசெப்போடு சேர்ந்து சேவ் த சில்ட்ரன் என்ற அரச சார்பற்ற நிறுவனமும் அதற்குத் தலைமை வகிக்கிறது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. கிளஸ்டர் நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்களுக்கு. எல்லை தாண்டிய அகதிகளுக்குப் பொறுப்பு யூ.என்.எச்.சி.ஆர். ஆகவே 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே படித்து, அந்த வருடம் அங்கேயே ஏஎல் எழுதிய பிள்ளை ஓர் ஒழுங்குக்குள் வந்தது. அதே பிள்ளை படகேறி இராமேஸ்வரம் போயிருந்தால் முற்றிலும் வேறு ஒழுங்கு. பிள்ளை ஒன்றுதான், கடல் ஒரு பதினெட்டு மைல். ஆனால் கோவை மாறிவிடுகிறது.

திரும்பவா, இருக்கவா?

1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 22ஆம் உறுப்புரை, ஆரம்பக் கல்வியில் அகதிப் பிள்ளையை உள்நாட்டுப் பிள்ளையைப் போல நடத்த வேண்டும் என்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழை அங்கீகரிப்பது பற்றியும் அதே உறுப்புரை பேசுகிறது. அதாவது இந்தக் கட்டுரையின் கேள்வி அப்போதே சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் நடைமுறையில் பல தசாப்தங்களாக முகாமுக்குள் தனிப் பாடசாலைதான். சீக்கிரம் வீடு திரும்புவார்கள் என்ற நம்பிக்கையில் சொந்த நாட்டுப் பாடத்திட்டத்தையே படிப்பித்தார்கள். வருடங்கள் போயின. முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஏஎல் வயதுக்கு வந்தபோதும் முகாமிலேயே இருந்தது.

2011இல் சாரா ட்ரைடன்-பீற்றர்சன் என்ற ஆய்வாளர் யூ.என்.எச்.சி.ஆருக்காக உலக அகதிக் கல்வியை மதிப்பிட்டு எழுதினார். ஆரம்பக் கல்வியில் 76 வீதம், இரண்டாம் நிலையில் 36 வீதம் என்பது அவர் காட்டிய சேர்வு விகிதம். அடுத்த வருடம் யூ.என்.எச்.சி.ஆர். தன் உபாயத்தை மாற்றியது. அகதிப் பிள்ளைகளை இயன்றளவு அந்தந்த நாட்டின் தேசியக் கல்வி முறைக்குள் சேர்ப்பது என்பதே புதிய வழி.

கடதாசியில் இது நியாயமாகத்தான் இருக்கிறது. சாட் நாட்டின் கிழக்கில் இருந்த டார்பூர் அகதிகள் 2003 முதல் சூடான் பாடத்திட்டத்தில் படித்தார்கள். 2014 அளவில் சாட் நாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறச் சொன்னபோது பெற்றோர் எதிர்த்தார்கள். எங்கட பிள்ளைகள் சூடானியர் என்பதே இல்லாமல் போய்விடும், திரும்பிப் போகும் நம்பிக்கையை எங்கட கையாலேயே கைவிடச் சொல்கிறீர்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் பிழை இல்லை. சூடான் பரீட்சையை முகாமுக்குக் கொண்டுவர முடியாது, சாட்டின் பரீட்சைக்குச் சாட்டில் மதிப்பு உண்டு என்று அதிகாரிகள் சொன்னதும் பிழை இல்லை.

இந்த இடைவெளியை நேரடியாகப் பார்த்தவர்களில் ஒருவர் ஜாக்கி கேர்க். சர்வதேச மீட்புக் குழு என்ற அமைப்பில் கல்வி ஆலோசகராக இருந்தவர். இடம்பெயர்ந்த மாணவர்களின் படிப்பை எப்படி அங்கீகரிப்பது என்ற நூலைத் தொகுத்தார். 2008 ஓகஸ்ட் 13இல் ஆப்கானிஸ்தானின் லோகார் மாகாணத்தில் சக பணியாளர்களோடு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நூல் 2009இல் வெளிவந்தது.

மூங்கில் வகுப்பறைகள்

2017 ஓகஸ்ட் 25க்குப் பிறகு ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் மியன்மாரிலிருந்து பங்களாதேஷின் கொக்ஸ் பஜாருக்கு வந்தார்கள். பங்களாதேஷ் 1951 சமவாயத்தில் கையெழுத்திடாத நாடு. வந்தவர்களை அது அகதிகள் என்று அழைக்கவில்லை. வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்த மியன்மார் பிரஜைகள் என்றது. சொல்லில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். அந்தச் சொல்லிலிருந்துதான் பாடசாலை ஒழுங்கு முழுதும் வந்தது.

நிரந்தரக் கட்டடம் கட்டக் கூடாது. பாடசாலை என்று பெயர் வைக்கக் கூடாது, 'கற்றல் நிலையம்'. வங்காள மொழி படிப்பிக்கக் கூடாது, பங்களாதேஷ் பாடத்திட்டம் கூடாது. காரணம் வெளிப்படை: அவை இருந்தால் பிள்ளைகள் இங்கேயே தங்கிவிடுவார்கள். ஆகவே மூங்கிலும் தறப்பாளும். நாளுக்கு இரண்டு மணித்தியாலப் படிப்பு, அதுவும் முறைவைத்து. உள்ளூர்ப் பங்களாதேஷ் ஆசிரியர் ஆங்கிலமும் கணக்கும், ரொஹிங்யா ஆசிரியர் பர்மிய மொழியும் படிப்பித்தார்கள். அந்த ரொஹிங்யா ஆசிரியரைத் தொண்டர் என்றுதான் கணக்கில் எழுதினார்கள்; கிடைத்தது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை.

கல்வித் துறைக்கு யுனிசெப்பும் சேவ் த சில்ட்ரனும் தலைமை வகித்தன. டசின் கணக்கான நிறுவனங்கள் முகாம் முகாமாகப் பிரித்து வேலை செய்தன. பாடத்திட்டமே இல்லாத இடத்தில் தற்காலிகமாக ஒரு கற்றல் சட்டகத்தை எழுதி, அதற்கு அரசின் சம்மதம் வாங்கவே வருடங்கள் எடுத்தன. 2020 ஜனவரியில் பங்களாதேஷ் மியன்மார் பாடத்திட்டத்தைப் பரீட்சார்த்தமாக 10,000 பிள்ளைகளுக்குத் தொடங்கச் சம்மதித்தது. மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் பூட்டுப்பட்டது. 2021 கடைசியில்தான் தொடங்க முடிந்தது. அதே டிசம்பரில், ரொஹிங்யா ஆசிரியர்கள் தாங்களாகவே நடத்திய பாடசாலைகளை மூடச் சொல்லி அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். நிறுவனங்களின் மூங்கில் கொட்டிலுக்கு அனுமதி உண்டு, சமூகத்தின் கொட்டிலுக்கு இல்லை. எழுபது வருடத்துக்கு முதல் கூடாரத்துக்குள் பாடசாலை தொடங்கிய பலஸ்தீன ஆசிரியர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2023 ஜூலையில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது சுமார் மூன்று இலட்சம் பிள்ளைகள் மியன்மார் பாடத்திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பும் முதல் தடவையாகத் திறந்தது. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு இது சாதனைதான். ஆனால் மியன்மார் அரசு அந்தப் படிப்பை அங்கீகரிக்கவில்லை. 2021 பெப்ரவரியில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. பங்களாதேஷும் தன் சான்றிதழைக் கொடுக்காது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையின் கையில் எந்த நாட்டின் கையெழுத்தும் இல்லை. 2025 நடுப்பகுதியில் சர்வதேச நிதி வெட்டுப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. கற்றல் நிலையங்களும் மூடப்பட்டன.

கடலுக்கு அந்தப் பக்கம்

எங்கட கதைக்கு வருவோம். 1983 ஜூலைக்குப் பிறகு, 1987 வரைக்கும் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். இந்தியாவும் 1951 சமவாயத்தில் இல்லை. முகாம்களை மாநில அரசே நடத்தியது, யூ.என்.எச்.சி.ஆருக்கு 1992 முதல் சென்னையில் இருந்த வேலை, திரும்பிப் போவோர் விரும்பித்தான் போகிறார்களா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் முடிந்தது. ஆனால் படிப்பைப் பொறுத்தவரை, 2012இல் ஐ.நா. உபாயமாக எழுதியதைத் தமிழ்நாடு 1980களிலேயே செய்தது. அகதிப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில், ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில், அதே புத்தகத்தோடும் சத்துணவோடும் படித்தார்கள். மொழி ஒன்றாக இருந்தது அதைச் சுலபமாக்கியது. 1984இல் சந்திரகாசன் தொடக்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களில் மாலை வகுப்புகளை நடத்தியது. படிப்பித்தவர்கள் முகாமிலேயே படித்த இளைஞர்கள்.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்த வாசல் இறுகியது. பள்ளி, கல்லூரி அனுமதிகளில் கெடுபிடி வந்தது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போவதும் கஷ்டமானது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தது. உரிமையாக எழுதாமல் சலுகையாகக் கொடுத்ததை ஓர் அரசாங்க உத்தரவால் எடுக்கவும் முடியும் என்பதை அந்த வருடங்கள் காட்டின.

திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கட நட்பு வட்டத்திலும் இருக்கினம். அவர்களிடம் தமிழ்நாட்டு அரசின் கையெழுத்தோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ் இருந்தது. இங்கே கேட்டது ஓஎல், ஏஎல். இரண்டும் சமம் எண்டு ஒரு கடிதம் எடுக்க எத்தனை அலுவலகப் படி ஏறினோம் எண்டு ஒரு நண்பி சொன்னாள். "நான் படிச்சனான். ஆனா படிச்சனான் எண்டு சொல்ல இன்னொருத்தர் தேவைப்பட்டுது." சிங்களம் தெரியாது, வரலாற்றுப் புத்தகம் வேறு, கணக்கு மட்டும்தான் ஒரேமாதிரி இருந்ததாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இந்தக் கட்டுரையை ஒரு பையோடு தொடங்கினோம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம் அளவில். போகும் வழியில் அவர்களைச் சோதித்து, உடைமைகளைப் பறித்தார்கள். பலருக்கு அந்தப் பையையே கொண்டுபோக விடவில்லை. புத்தளத்தில், நெருக்கடியான பாடசாலைகளில், அந்தப் பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்கினார்கள். அகதிக் கல்வி பற்றி நாங்கள் எழுதும்போது எங்கட பையை மட்டும் நினைத்தால் பாதிதான் எழுதியதாக இருக்கும்.

இனி

இந்த வரலாற்றை வாசித்து முடிக்கும்போது எங்களுக்கு ஒரு விஷயம் தெளிவானது. கொப்பி, பென்சில், தறப்பாள் என்பவை வந்துவிடும். காசு இருந்தால் ஒரு கிழமையில் வரும். கஷ்டமானது, ஓர் அரசு இன்னோர் அரசின் பிள்ளைக்கு 'நீ படித்தாய்' என்று எழுதிக் கொடுப்பது. 1969இல் அது நடந்தது. கொக்ஸ் பஜாரில் இன்னும் நடக்கவில்லை. 2018இன் அகதிகள் பற்றிய உலகளாவிய உடன்பாடு, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைக்கிறது. நல்ல இலக்கு. ஆனால் மூன்றாம் மாதம் உள்ளே போன பிள்ளை பத்தாம் வருடம் எந்தக் கடதாசியோடு வெளியே வரும் என்பதை அது போதுமான அளவுக்குச் சொல்லவில்லை.

எங்களில் சிலர் நாளைக்கு இதே துறையில் வேலைக்குப் போவோம். நேர்முகத் தேர்வில் ஒருங்கிணைப்பு எண்டால் என்ன எண்டு கேட்பார்கள். மீற்றிங் வைப்பது, அறிக்கை எழுதுவது என்று மனப்பாடமாகச் சொல்லலாம். அதற்கு முதல் வீட்டில அந்தப் பையைத் திறந்து, அம்மாவின்ர, மாமாவின்ர சேர்டிபிக்கற்றை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. ஓரத்தில தண்ணி பட்ட அடையாளம் இருக்கும், மடிச்ச இடம் கிழிஞ்சிருக்கும். அது எந்த வருடம், எந்தப் பாடசாலையில, எத்தனையாவது இடப்பெயர்வில எழுதின பரீட்சை எண்டு கேளுங்கோ. வினாத்தாள் எப்படி வந்தது எண்டும் கேளுங்கோ.